முடக்கில் முந்துகிறவரை என்ன செய்வது?

மேட்டில் ஊர்ந்து ஏறும் ஒரு லொறியை ஒரு பஸ் முந்திச் செல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? லொறி மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலும் பஸ் 30 கிலோமீற்றர் வேகத்திலும் போவதாக வைத்துக்கொள்வோம். வேக வித்தியாசம் செக்கனுக்கு மூன்று மீற்றர்கூட இல்லை. இரண்டு வாகனங்களின் நீளத்தையும், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் கூட்டினால் 33 மீற்றர் வரும். அதைக் கடக்க 12 செக்கன். அந்த 12 செக்கனில் பஸ் 100 மீற்றர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் ஒரு வாகனம் வந்தால் அதுவும் 100 மீற்றர் ஓடியிருக்கும். ஆக, முந்தத் தொடங்குமுன் கண்ணுக்கு முன்னால் 200 மீற்றர் வெறும் பாதை தெரியவேண்டும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனைக்கு வருகிற பாதையில் அப்படி 200 மீற்றர் தெரிகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம், ஐம்பது அறுபது மீற்றருக்கு ஒரு முடக்கு. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலைவரை சிறு ரயில் ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு தேயிலைப் பெட்டியும் மரக்கறி மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நோயாளிகளும் இந்தப் பாதையை நம்பியே இருக்கிறார்கள். கொழுந்து லொறி, தனியார் பஸ், இ.போ.ச. பஸ், ஆட்டோ, டிப்பர், சுற்றுலா வேன் எல்லாமே இங்கேதான். அவசரப்படுகிறவரும் இங்கேதான்.

முந்தியவருக்கு என்ன லாபம்? லொறிக்குப் பின்னாலேயே ஒரு கிலோமீற்றர் போனால் மூன்று நிமிடம், முந்திப் போனால் இரண்டு நிமிடம். கையில் மிஞ்சுவது ஒரு நிமிடம். அடுத்த முடக்கில் இன்னொரு லொறி போய்க்கொண்டிருந்தால் அதுவும் இல்லை.

இந்த அவசரக்காரர்களோடு பாதையைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதற்கு அறிவியலிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது. அதைப் பார்க்குமுன் ஒரு பிரிவினையைச் செய்துகொள்ளவேண்டும். ஆபத்தாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே சாதியல்ல. ஒருவர் உங்களைப் பார்க்கவே இல்லை. கைத்தொலைபேசியில் பேசுகிறார், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார், அல்லது இந்த மலைப்பாதை அவருக்குப் பழக்கமில்லை. இன்னொருவர் உங்களை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். நீங்கள் ஒதுங்குவீர்கள் என்று கணக்குப் போட்டு வருகிறார். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் ஆபத்தான முறையில் ஓட்டுவதையும் கவனமின்றி ஓட்டுவதையும் தனித்தனிக் குற்றங்களாகத்தான் பார்க்கிறது. பாதையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு சட்டத்தைவிட அவசரமானது. கவனமில்லாதவருக்கு ஹோன் உதவி செய்யும், அவரை விழிக்கவைக்கும். ஆத்திரக்காரருக்கு அதே ஹோன் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பார்வைக்கு முரடராகத் தெரிவார், உண்மையில் அவர்மேல் பிழை இருக்காது. கொண்டை ஊசி வளைவில் பெரிய பஸ் உங்கள் பக்கத்தை முழுவதுமாக விழுங்கிக்கொண்டு வருகிறது. வேனில் இருக்கும் உங்களுக்குக் கோபம் வருகிறது. நீளமான வாகனம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஐந்தரை மீற்றர் இடைவெளி உள்ள பஸ், 12 மீற்றர் ஆரை வட்டத்தில் திரும்பினால், பின் சக்கரம் ஏறத்தாழ 1.3 மீற்றர் உள்ளே விலகும். அந்த 1.3 மீற்றரை ஈடுசெய்யத்தான் சாரதி முன்பக்கத்தை உங்கள் பக்கம் எடுத்துத் திருப்புகிறார். அவர் ஒழுங்காகத் தன் பக்கத்திலேயே திருப்பியிருந்தால் பின் சக்கரம் கானுக்குள் இறங்கியிருக்கும். பெரிய வாகனம் முடக்குக்குள் நுழைந்துவிட்டதைக் கண்டால் முடக்குக்கு வெளியிலேயே நின்று அதற்கு வழிவிடுவதுதான் சரி.

பிறர் செய்கிற பிழையை அவருடைய குணத்தோடு சேர்த்தும், நாம் செய்கிற பிழையைச் சூழ்நிலையோடு சேர்த்தும் பார்ப்பது மனித மூளையின் பழைய வழக்கம். உளவியலாளர் லீ ரோஸ் 1977இல் இதை விரிவாக எழுதினார். அவர் முந்தினால் திமிர். நாம் முந்தினால் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சுவீடன் ஆய்வாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதமானோர் தங்கள் ஓட்டும் திறமையைச் சராசரிக்கு மேலே வைத்தார்கள். சுவீடனில் 69 சதவீதம். இங்கே யாரும் அளந்ததாக எனக்குத் தெரியாது. ஆனாலும் இராகலை பஸ் தரிப்பிடத்தில் நின்று "நான் சுமாரான சாரதி" என்று சொல்லும் ஒருவரைத் தேடிப் பாருங்கள்.

கோபத்துக்கு வருவோம். முடக்கில் ஒருவர் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதும் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, கைப்பிடி இறுகுகிறது. உயிர் தப்ப ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு இதனால் ஒரு பெரிய நட்டம். ஈஸ்டர்புரூக் என்ற ஆய்வாளர் 1959இலேயே சொன்னபடி, உணர்ச்சிக் கொதிப்பு கூடக்கூடக் கவனத்தின் வட்டம் சுருங்குகிறது. முன்னே போன அந்த வாகனத்தின் பின்பக்கம் மட்டும் பெரிதாகத் தெரியும். ஓரத்தில் நடந்துபோகும் பிள்ளை, ஈரத்தில் உடைந்த பாதை விளிம்பு, மலையிலிருந்து விழுந்து கிடக்கும் கல் எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். மலைப்பாதையில் உயிர் காப்பவை அந்த ஓரத்துச் செய்திகள்தான்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. அமெரிக்காவில் 3,500க்கும் மேற்பட்ட சாரதிமாரின் வாகனங்களில் கமெராக்களைப் பொருத்தி, 905 விபத்துகளின் முன்னிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின. முகத்தில் தெரியும்படியான கோபம், அழுகை, பதற்றம் ஆகியவற்றோடு ஓட்டும்போது விபத்து அபாயம் ஏறத்தாழ பத்து மடங்கு. ஒருவர் உங்களைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் கொண்டுவந்த ஆபத்து அவரோடு போய்விட்டது. விட்டுவிட்டுப்போன கோபம்தான் அடுத்த நாலைந்து முடக்குவரை உங்கள் வண்டியில் ஏறி வருகிறது.

கத்தித் தீர்த்தால் கோபம் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சோஃபி கியார்விக், பிராட் புஷ்மன் இருவரும் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2024இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, உடலின் கொதிப்பைத் தணிக்கிற செயல்களே கோபத்தைக் குறைத்தன. ஆத்திரத்தைக் கொட்டித் தீர்ப்பது பயன் தரவில்லை. ஓட்டும்போது செய்யக்கூடியது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது. கேட்க அற்பமாக இருக்கிறது, தெரியும். ஆனால் வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் ஓட்டத்தைக் குறைக்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் நிற்பதும் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

ஹோன் பற்றியும் ஒரு வேடிக்கையான ஆய்வு உண்டு. கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 1968இல் வெளியான அந்த ஆய்வில், அந்தனி டூப், அலன் குரோஸ் என்ற இருவர், பச்சை விளக்கு எரிந்த பிறகும் வேண்டுமென்றே காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். சில தடவை பளபளக்கும் புதுக் கார், சில தடவை பழைய கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதமானோர் ஹோன் அடித்தார்கள். புதுக் காருக்கு 50 சதவீதம்தான். மாணவர்களிடம் காகிதத்தில் கேட்டபோது, புதுக் காருக்குத்தான் முதலில் அடிப்போம் என்று ஆண்கள் வீரம் பேசியிருக்கிறார்கள். தோட்டத்து டிரக்டருக்குப் பின்னால் விடாமல் ஹோன் அடிக்கிறவர், கறுப்புக் கண்ணாடி ஜீப்புக்குப் பின்னால் எவ்வளவு பொறுமையாகப் போகிறார் என்று பார்த்திருப்பீர்கள். பாதைக் கோபம் கண்மண் தெரியாதது என்கிறார்கள். ஆள் பார்த்து வருகிற அளவுக்கு அதற்குக் கண் இருக்கிறது. அப்படியானால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியும்.

ஆனால் எல்லாவற்றையும் தனிமனிதரின் மனதில் தேடுவதும் பிழை. இலங்கையில் 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. பல பஸ்களில் சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றன்றைய வசூலைப் பொறுத்தே சம்பளம். முன்னே போகும் பஸ் அடுத்த தரிப்பில் நிற்கும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டால், பின்னே வருபவருக்கு அன்றைய கூலியில் துண்டு விழும். தரிப்பில் ஆள் சேரும்வரை நிறுத்திவைப்பதும், பிறகு பேய் பிடித்ததுபோல் பறப்பதும் இந்த வருமான ஏற்பாட்டிலிருந்து வருகிறவை. அந்தச் சாரதியைத் திட்டுவதில் தப்பில்லை. நாளை வேறொருவர் அந்த ஆசனத்தில் இருந்தாலும் அப்படித்தான் ஓட்டுவார் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். மாதச் சம்பளமும், நேர அட்டவணையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வைப்பதும் எந்த விழிப்புணர்வுப் பலகையைவிடவும் அதிகம் செய்யும் என்பது என் எண்ணம்.

மலையில் அவசரத்துக்கு இன்னொரு விலை இருக்கிறது, பிரேக்கின் சூடு. ஆட்களோடு பத்துத் தொன் எடையுள்ள பஸ் 500 மீற்றர் உயரம் இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் சுமார் 49 மெகாஜூல். ஏறத்தாழ 140 லீட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் விட்டுவிட்டு முடக்குக்கு முடக்கு பிரேக்கை மிதித்தால் அவ்வளவும் பிரேக் லைனர்களில் சூடாக இறங்கும். சில நூறு பாகைக்குமேல் உராய்வு குறையும், மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்வதன் பொருள் இதுதான். ஆகவே உங்களுக்கு முன்னால் முக்கிக்கொண்டு இறங்கும் லொறிக்காரர் சோம்பேறியல்ல. பாதையில் சரியாக ஓட்டுகிறவர் அவர்தான். பின்னாலிருந்து அவரை விரட்டுகிறவரின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தால், அவருடைய குணத்தை ஆராயாமல் இடைவெளியைக் கூட்டுங்கள்.

இந்த மலைகளில் நடந்தவற்றை நினைத்துப் பார்க்கலாம். 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையில், மண்சரிவில் விழுந்த பாறை பாதையை ஒடுக்கியிருந்த இடத்தில், எதிரே டிப்பர் வர, விளிம்பை ஒட்டிப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் கொழும்புப் பாடசாலை மாணவர்களோடு வந்த பஸ், வேனோடும் ஆட்டோவோடும் மோதியதில் ஏழு பேர். 2025 மே 11 விடியற்காலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் எழுபதுக்கும் மேற்பட்டோரோடு வந்த இ.போ.ச. பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய பாதையில் 15 பேர். இவை எல்லாம் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவையல்ல. இவற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் கையில் ஸ்டியரிங் இருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே கவனியுங்கள். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ஓட்டுகிறவர் செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். மணிக்கு 40 கிலோமீற்றரில், எட்டுச் சதவீத இறக்கத்தில், நனைந்த பாதையில் போகிறீர்கள். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், வாகனம் நிற்க ஏறத்தாழ 37 மீற்றர் வேண்டும். அதுவே 30 கிலோமீற்றர் என்றால் 24 மீற்றர். இடையில் உள்ள 13 மீற்றர் ஒரு பெரிய பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். முடக்குக்கு அப்பால் உங்கள் பக்கத்திலேயே ஒருவர் முந்திக்கொண்டு வந்தால், உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த 13 மீற்றர். அப்படி ஒருவர் வந்துவிட்டால் வேகத்தை உதறிவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள், நின்றுவிட்டாலும் பரவாயில்லை. லைட் அடித்து, வீம்புக்கு நேரே போகாதீர்கள். பள்ளத்துப் பக்கம் என்றால் தாரை விட்டு இறங்கவேண்டாம். மழைக்காலத்தில் அந்த மண் ஓரம் பார்வைக்குத்தான் திடமாக இருக்கும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும்.

பின்னால் ஒருவர் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறாரா? வேகத்தைக் கூட்டாதீர்கள், பிரேக் போட்டுப் பயமுறுத்தவும் வேண்டாம். உங்களுக்கும் முன்னே போகும் வாகனத்துக்கும் உள்ள இடைவெளியை நீட்டுங்கள். அவர் விடாத இடைவெளியை நீங்கள் முன்பக்கத்தில் விட்டுவைக்கிறீர்கள். திடீரென்று மிதிக்கவேண்டிய நிலை வராமல் இருந்தால் அவர் வந்து மோதவும் வாய்ப்புக் குறைவு. அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி நின்று அவரை விட்டுவிடுங்கள். இடப்பக்க சிக்னலைப் போட்டு "முந்து" என்று காட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த முடக்குக்கு அப்பால் என்ன வருகிறது என்பதற்கு உங்களால் பொறுப்பேற்க முடியாது.

ஒடுங்கிய இடத்தில் ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் யார் முதலில் என்ற சண்டையும் அடிக்கடி வரும். இந்தியச் சாலை விதிகள் ஏறுகிற வாகனத்துக்கு முன்னுரிமை என்று எழுத்தில் வைத்திருக்கின்றன. நம் மலைநாட்டிலும் நல்ல சாரதிமார் அப்படித்தான் செய்கிறார்கள். சுமையோடு மேட்டில் நின்ற லொறியை மீண்டும் கிளப்பும்போது அது பின்னால் உருளும் அபாயம் இருக்கிறது. இறங்குகிறவர் பின்னால் எடுத்தால் மேட்டை நோக்கி எடுக்கிறார், அந்த மேடே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஏறுகிறவர் பின்னால் எடுத்தால் பள்ளத்தை நோக்கி இறங்கவேண்டும். இதில் மானப் பிரச்சினைக்கு இடமே இல்லை.

வலப்பனைக்காரர்களுக்கு மண்சரிவு புதிதல்ல. 2007 ஜனவரியில் இங்கே அது உயிர்களைக் கொண்டுபோனது. மலை இறங்கி வரும்போது யாரும் அதோடு நியாயம் பேசுவதில்லை, விலகித்தான் போகிறார்கள். முடக்கில் தவறாக வருகிறவரையும் அந்த ஒரு நிமிடத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நியாயத்தைப் பிறகு, பாதுகாப்பான இடத்தில் நின்று, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, ஸ்டியரிங் பிடிக்காதவர்கள். கென்யாவில் மத்தாத்து எனப்படும் தனியார் மினிபஸ்கள் நம் பஸ்களின் கூடப்பிறந்தவை. அதே நெரிசல், அதே ஓட்டப் போட்டி. ஜேம்ஸ் ஹபியாரிமானா, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த வாகனங்களுக்குள் சில ஸ்டிக்கர்களை ஒட்டினார்கள். சாரதி ஆபத்தாக ஓட்டினால் சும்மா இருக்காதே, வாய் திறந்து சொல் என்பதுதான் அவற்றில் இருந்த செய்தி. 2011இல் வெளியான முடிவின்படி, ஸ்டிக்கர் ஒட்டிய வாகனங்களில் விபத்துக் காப்புறுதிக் கோரிக்கைகள் பாதிக்குமேல் குறைந்தன. மிகப் பெரிய அளவில் திரும்பச் செய்து 2015இல் வெளியிட்டபோது குறைவு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருந்தது. புதுப் பாதை போடவில்லை, புதுச் சட்டம் கொண்டுவரவில்லை.

ஏன் வேலை செய்தது? நிறையப் பேர் இருக்கும் இடத்தில் "வேறு யாராவது சொல்வார்கள்" என்று எல்லோரும் காத்திருப்பார்கள். லத்தானே, டார்லி இருவரும் 1968இல் சோதனை செய்து காட்டிய உண்மை இது. அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் ஒருவரும் பேசாதது கோழைத்தனத்தால் அல்ல, அறுபது பேர் இருப்பதால்தான். ஒருவர் ஆரம்பித்துவிட்டால் பத்துக் குரல் சேரும். ஸ்டிக்கர் செய்தது அந்த முதல் குரலுக்கு அனுமதி கொடுத்ததுதான். நமது பஸ்களில் அதற்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது: தோட்டத்துப் பெண் ஒருவர் கொழுந்து வேலை முடிந்து வருகிற களைப்பில், சிங்களம் பேசும் சாரதியிடம் எப்படிச் சொல்வது? "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க" என்றாலே விளங்கும். "ஹெமின் யன்ன" என்றும் சொல்லலாம். திட்டவேண்டாம், கையைப் பிடிக்கவேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் சாரதியோடு வாக்குவாதம் செய்வது இன்னொரு ஆபத்து. நடத்துனரிடம் சொல்வது இன்னும் நல்லது.

பேசியும் கேட்கவில்லை என்றால், இறங்கிய பிறகு பஸ்ஸின் இலக்கம், பாதை, நேரம், இடம் நாலையும் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குப் பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. யாருக்காவது அடிபட்டிருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசு கேட்கமாட்டார்கள். மூன்று இலக்கங்களையும் இன்றைக்கே தொலைபேசியில் போட்டுவையுங்கள். கூடவே, உங்கள் ஊர் பஸ் சங்கத்தாரிடமோ பிரதேச சபை உறுப்பினரிடமோ கென்யாவின் அந்த ஸ்டிக்கர் பற்றிச் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி அச்சடித்து இராகலை பஸ்ஸில் ஒட்டுவதற்கு யாரும் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை.